ஆதம்பாவா கோலுக்கு நின்ற பின்னேரம்

மகளின் வீட்டில், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மருமகன் தொலைக்காட்சிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாட்டு ஐஸ் ஹொக்கி அணிக்குத் தெரிவானவர்களின் பெயரை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஐஸில் ஹொக்கியா என்று நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுவது. ஆனால் கோல் காப்பாளரின் பெயரோடு அவருடைய படமும் வந்தது. இரண்டு காலிலும் தலையணை தலையணையாகக் கட்டியிருந்தார். அவ்வளவுதான், என் மூக்கில் கஞ்சி வாசம் ஏறிவிட்டது.

குடிக்கிற கஞ்சி இல்லை, நூலுக்குப் போடுகிற கஞ்சி. அந்தக் காலத்தில் இலங்கையின் கிழக்குக் கரையில், நெசவு ஊரான மருதமுனையில் எந்தத் தெருவால் போனாலும் அந்த வாசம் வரும். ஆதம்பாவா காக்கா பந்தைத் தடுக்கக் காலில் கட்டுகிற பேட்டிலும் அதே வாசம்தான். அவர் கைத்தறி நெசவாளி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால்தான் அண்ணன் முறையில் காக்கா என்பது. எங்கள் ஹொக்கிக் கழகத்தில் கடையில் வாங்கிய பேட் ஒரு சோடிதான் இருந்தது, அது எனக்கு. அவர் நெய்கையில் பிழையாய்ப் போன, இடுப்பில் உடுக்கிற சாரன் துணியைப் பைபோலத் தைத்து, கழிவு நூலை அடைத்துத் தனக்கொரு சோடி செய்துகொண்டார். நீலக் கட்டம் போட்ட பேட்.

"அது எனக்கு" என்றேன் அல்லவா, வில்லங்கம் அங்கேதான். ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் பக்கத்துக் கல்முனையில் புதிதாய் நியமனம் பெற்ற ஆசிரியர், கழகத்தின் செயலாளர், அதன் முதலாவது கோல் காப்பாளர். மூன்றும் சேர்ந்தால் ஒரு வாலிபனுக்கு வரவேண்டிய தலைக்கனம் குறைவில்லாமல் வந்திருந்தது. ஆதம்பாவா காக்கா இரண்டாவது ஆள். எனக்குச் சுகமில்லாவிட்டால் நிற்பார். எனக்கோ ஒருநாளும் சுகமில்லாமல் போவதில்லை.

பயிற்சியில் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். நாள் முழுக்கத் தறிக்குழியில் இருந்து இரண்டு காலாலும் மிதித்துப் பழகியவர் அவர். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கத்துக் கால் முன்னரே அங்கே போயிருக்கும். நான் பாய்ந்து விழுந்து தடுக்கிற பந்தை அவர் நின்றபடியே தட்டிவிடுவார். கைதட்டல் எனக்குத்தான் கிடைக்கும். விழுந்து எழும்புகிறவனைத்தானே ஆட்களுக்குப் பிடிக்கும்!

ஒருநாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இலங்கை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். கிழக்கில் உள்ளவர்களை மட்டக்களப்பில் ஆடவைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கழகமும் மூன்று பெயர் அனுப்பலாம், அதில் கோல் காப்பாளர் ஒருவர் மட்டும். பெயர் எழுதுவது செயலாளரின் வேலை. நான் பேனையை எடுத்து என் பெயரை எழுதினேன். கொழும்புக்காரர்கள் இங்கிலீசில் கேட்பார்கள், காக்கா என்ன பதில் சொல்லுவார் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

அவரிடம் சொன்னபோது முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "ஓம் மாஸ்டர், நீங்கதானே போகணும். நானும் பாக்க வாறன்" என்றார்.

பஸ்ஸில் அவர் மடியில் ஒரு சாக்குப் பை இருந்தது.

"என்ன காக்கா அது?"

"சும்மா மாஸ்டர். உங்கட பேட் வார் அறுந்துகிறுந்து போனா உதவும் எண்டு என்ட பேட்டக் கொண்டாந்தன்."

மட்டக்களப்புக்குள் நுழைகிற கல்லடிப் பாலம் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

திடலில் எங்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். மறுபக்கக் கோலுக்கு வரவேண்டிய திருகோணமலைக்காரர் காய்ச்சலில் விழுந்துவிட்டாராம். தெரிவுசெய்ய வந்தவர்களில் பெரியவர், வெள்ளைத் தொப்பி வைத்தவர், கோலுக்கு நிற்க வேறு யாரும் உண்டா என்று இங்கிலீசில் கேட்டார். ஆதம்பாவா காக்கா எல்லைக்கோட்டுக்கு வெளியே சாக்குப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவர் இறங்கினால் என்ன நடக்கும் என்பதும் விளங்கியது. எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோலை வெறுமனே விட்டு ஆடுவோம் என்று தொப்பிக்காரர் திரும்பிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"ஆள் இருக்கிறார் சேர். எங்கள் கழகம்தான். என்னைவிட நன்றாக நிற்பார்" என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பிக் கத்தினேன். "காக்கா, இறங்குங்க!"

"நானா? என்ட பேரு குடுக்கல்லயே மாஸ்டர்?"

"நான்தான் குடுக்கல்ல. இப்ப குடுத்திட்டன். கட்டுங்க பேட்ட!"

நீலக் கட்டத்தைக் கண்டு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு பத்து நிமிடம் நிற்கவில்லை. கொழும்பில் ஏற்கனவே ஆடிப் பேரெடுத்த ஒருவர் மூன்று தடவை தனியே கொண்டுபோய் அடித்தார். முதல் பந்து இடது காலில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது வலது காலில். மூன்றாவது நெஞ்சுயரத்துக்கு வந்தது. கையால் மறித்துக் கீழே போட்டு, அவசரமில்லாமல் காலால் வெளியே தட்டினார். நான் என் கோலை மறந்து அதை வாய்பார்த்துக்கொண்டு நின்றதில் என் பக்கத்தில் இரண்டு பந்து உள்ளே போய்விட்டது. அதில் ஒன்று சின்னப் பிள்ளையும் மறிக்கக்கூடிய பந்து.

இரண்டு கிழமைக்குப் பிறகு வந்த கடிதத்தில் எங்கள் கழகத்திலிருந்து ஒரு பெயர்தான் இருந்தது. கடிதத்தோடு மருதமுனைக்குச் சைக்கிள் மிதித்தேன். பாண்டிருப்பு தாண்டும்வரை அது என் பெயராக இருந்திருக்கக்கூடாதா என்றுதான் நினைத்துக்கொண்டே போனேன், உங்களிடம் மறைப்பானேன். அவர் தறிக்குழிக்குள் இருந்தார். வாசித்துக் காட்டினேன். கால் அப்படியே நின்றது.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவிதான் பேசினார். "பெருநாள் வருகுது மாஸ்டர். சொல்லி வெச்ச சாரனெல்லாம் தறியிலதான் கிடக்கு. இவர் கொழும்புக்குப் போனா ஆரு நெய்யிற?"

"அவ சொல்றதும் சரிதானே" என்று காக்கா குனிந்துகொண்டார்.

பக்கத்து வளவுத் தறிக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். "நாங்க நெய்யிறம் புள்ள. ஆளுக்கு ரெண்டு சாரன். அவன அனுப்பு."

உள்ளே பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நல்ல சாரனொண்டு உடுத்திட்டுப் போங்க" என்றார் மனைவி.

மேலதிகக் கோல் காப்பாளராக அவரை எடுத்தார்கள். வெளிநாட்டு அணியொன்று வந்து ஆடியது. இரண்டு ஆட்டத்தில் வெளியே இருந்தார். மூன்றாவதில் பின்பாதி முழுக்க நின்றார். ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. பத்திரிகை அவர் பெயரை இரண்டு பிழையோடு போட்டிருந்தது. நான் சிவப்பு மையால் திருத்திக் கழகப் பலகையில் ஒட்டினேன்.

காலை ரயிலில் அவர் மட்டக்களப்பில் இறங்கியபோது நாங்கள் பதினைந்து பேர் காத்திருந்தோம். கீழே சாரன், மேலே இலங்கை அணியின் கம்பளிக் கோட்டு. வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன காக்கா, இந்த வெக்கைக்குள்ள?"

"கழட்டினா நீங்க நம்பமாட்டீங்களே!" என்று சிரித்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, "மாஸ்டர், அங்க ஒருத்தரும் இங்கிலீசில ஒண்டும் கேக்கல்ல. பந்தத்தான் அடிச்சாங்க" என்றார். என் பெயரை எழுதியதற்கு எனக்கு நானே சொன்ன நியாயத்தை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

கழகம் சில வருடங்களில் கலைந்துபோனது. நாங்கள் ஆடிய திடலில் இப்போது மாடிக் கடைகள். பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். ஹொக்கி மட்டை பிடித்த ஆட்களில் நானறிய நான் ஒருவன்தான் மிச்சம். ஆதம்பாவா காக்கா மௌத்தாகி மண்ணுக்குள் போய் வெகுகாலம். போன தடவை ஊருக்குப் போனபோது மருதமுனையில் தெரு பிடிபடாமல், சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியிடம் வழி கேட்டேன்.

"நேரே போய், கோல்காரர் வீட்டுக்கு அங்கால திரும்புங்க" என்றாள்.

"ஏன் புள்ள அந்தப் பேர்?"

"தெரியாது. தறிக்குக் கோல் செஞ்சிருப்பாங்களாக்கும்."

அந்த வீட்டு ஆதம்பாவா ஹொக்கியில் இலங்கைக்காகக் கோலுக்கு நின்றவர் என்று சொன்னேன்.

"இலங்கைக்கா? நம்மட ஊரிலயிருந்தா?" என்று கேட்டபடி அவள் இறங்கி, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு என் பக்கம் வந்தாள்.