மேகத்துறையின் எழுத்துகள்

இராஜசிங்கத்தை மன்னிக்கும் எண்ணம் சுசீலாதேவிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

மாத்தளை நகரத்தில் அவர் நடத்திய வீடியோ கடையில் ஒன்பது வருடம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவள் அவள். மாவட்ட அலுவலகமான கச்சேரியில் கிளார்க் வேலைக்காக வடக்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அவளுடைய அப்பா, மகளும் அரசாங்க உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று தலைகீழாக நின்று பார்த்தார். அவளோ கல்யாண வீடியோக்களில் மணமக்களின் பெயரைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தாள். அதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது.

2005இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு அவள் செய்த தொடக்கக் காட்சிக்குக் கொழும்பில் விருது கொடுத்தார்கள். மேடையேறி வாங்கியவர் இராஜசிங்கம். கூட வேலை செய்தவர்கள் யாரும் உண்டா என்று பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, "டைப் அடிக்க ஒரு பிள்ள இருக்கு" என்றாராம். அதை வாசித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.  முகத்தில் ஒன்றையும் காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருந்தாள்.

அப்புறம் மேகத்துறை வந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத கற்பனை மலையூர் அது. மங்கையற்கரசி என்ற கொழும்புத் தயாரிப்பாளரின் தொடர் நாடகம் அங்கேதான் நடக்கிறது. அந்த ஊருக்கென்று தனி எழுத்து, தனி நிறம், அசைவதற்குத் தனி விதம் வேண்டும் என்று கேட்டிருந்தார். பஸ் பலகையிலிருந்து கடைப் பலகை வரை எல்லாம் ஒரே ஊர் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும்.

லீவு நாள்களில் யுத்த காலத்துச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி இறங்கி ஏறி, ரிவர்ஸ்டன் மலை வரை போய் மூடுபனியைப் பார்த்துவிட்டு வந்தாள் சுசீலாதேவி. அங்கே பனி விலகும்போது மரத்தின் தலைதான் முதலில் தெரியும், அடி கடைசியில்தான். ஊரின் பெயரையும் திரையில் அப்படியே எழும்ப வைத்தாள். நான்கு மாத வேலை. பார்த்துவிட்டு இராஜசிங்கம், "நம்ம வேலை நல்லா வந்திருக்கு" என்றார்.

அந்நாளில் ஒரு கணினியில் அடித்த தமிழை, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் தமிழ் காணாமல் போய் ஆங்கில எழுத்துகள் கண்டபடி நிற்கும். அதனால் வேலையை வெளியே கொடுக்குமுன் எழுத்துகளைப் படமாக மாற்றிவிடுவாள். கணினிப் பக்கமே வராத இராஜசிங்கத்துக்கு இது தெரியாது. இந்த முறை அவள் மாற்றவில்லை. மறந்ததால் அல்ல, வேண்டுமென்றே. கோப்பு இருந்த சீடியை வாங்கிக்கொண்டு அவர் தனியாகக் கொழும்புக்கு பஸ் ஏறினார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கடை போன் அடித்தது.

"பிள்ள, என்ன இது? தமிழே காணோம். இங்கிலீசுல என்னென்னவோ நிக்குது."

"நீங்க செஞ்சது தானே சேர். உங்களுக்குத் தெரியாததா?"

"வெளையாடாதீங்க. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க."

மங்கையற்கரசி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "தங்கச்சி, எழுத்தோட தலை ஏன் மொதல்ல தெரியுதுன்னு கேட்டேன். அழகுக்குன்னு சொல்றார்."

"ரிவர்ஸ்டன்ல பனி அப்படித்தான் வெலகும் மேடம். மூணு தரம் போய்ப் பாத்துட்டு வந்து செஞ்சேன்."

"அப்ப இத செஞ்சது நீங்களா?"

"அத சேரே சொல்லட்டும். சொன்னாருன்னா எழுத்துருவ ஈமெயில்ல அனுப்பி அஞ்சு நிமிசத்துல தமிழ வர வைக்கிறேன்."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.  

"அந்தப் பிள்ள செஞ்சது" என்று முணுமுணுத்தார் இராஜசிங்கம்.

"எந்தப் பிள்ள சேர்?"

"சுசீலாதேவி. அவங்கதான் செஞ்சாங்க. நான் செய்யல."

"லைன் சரியில்ல சேர். இன்னொருக்கா சொல்லுங்க."

லைன் தெளிவாகத்தான் இருந்தது. அவர் மறுபடியும் சொன்னார், இந்த முறை உரக்க. அவள் மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னாள்.