உடைந்தது என் வெல்டிங் அல்ல

அவன் போன் செய்தபோது நான் போர்ட் பிளேரில், லம்பா லைன் பகுதியில் ஒரு வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். திரையில் பெயர் வரவில்லை, எண்ணை எப்போதோ அழித்திருந்தேன். "தம்பி, எப்படி இருக்கீக?" என்ற முதல் வார்த்தையிலேயே ஆள் தெரிந்துவிட்டது. ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து இந்தத் தீவுகளில் ரோடு கான்ட்ராக்ட் எடுப்பவன். நேரில் பேசும்போது 'நீங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது அந்த மரியாதைக்கு அவசியமில்லை.

அவனுடைய பேக்ஹோவின் பூம் விரிசல் விட்டுவிட்டதாம். மண் தோண்டும் அந்த வண்டியின் பின்பக்கம் வளைந்து நிற்குமே, வாளியைத் தூக்கி இறக்கும் பெரிய இரும்புக் கை, அதுதான் பூம். நடு அந்தமானில், ரங்கத் ஊருக்கு வடக்கே ரோட்டோரமாக வாய்க்கால் வெட்டும் வேலை. மழை இறங்குவதற்குள் முடிக்காவிட்டால் வெட்டியதெல்லாம் சரிந்து மூடிவிடும். புது பூம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும், கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. அவனிடம் இருந்த வெல்டர் வைத்த வெல்டிங் மறுபடி மறுபடி விட்டுப்போகிறதாம்.

"உங்கள விட்டா இந்தத் தீவுல ஆள் கிடையாது தம்பி" என்றான்.

ரங்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று இருந்த காலத்தில், என்னை அங்கிருந்து துரத்தியவனே இவன்தான்.

என் பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரில் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். சுனாமி அங்கே இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போன பிறகு நான் ரங்கத்துக்கு வந்து வெல்டிங் கற்றுக்கொண்டு, பஜார் முனையில் தகரக் கூரையில் ஒரு பட்டறை போட்டேன். வங்காளிகளின் டிராக்டர், தெலுங்குக்காரர்களின் படகு, மலையாளி ஹோட்டலின் அடுப்பு, எது உடைந்தாலும் என்னிடம்தான் வரும். இவனுடைய பூமில் முதல் தடவை விரிசல் விழுந்தபோதும் நான்தான் வெல்டிங் வைத்தேன். சில மாதம் கழித்து அந்த பூம் வேலையின் நடுவே முறிந்தது. வண்டி பள்ளத்தில் சாய்ந்து, ஆபரேட்டரின் கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது.

நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கான்ட்ராக்டர் முறிந்த துண்டை வெட்டி ஸ்கிராப்பில் போட்டுவிட்டான். என் வெல்டிங்கும் அதோடு போயிருக்கும் என்றே நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சேதியும் சொல்லியாயிற்று. "வெல்டிங் குல் கயா." வெல்டிங் விட்டுப்போச்சு. அவ்வளவுதான் சொன்னான். இங்கே வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு பாஷை, வாசலைத் தாண்டினால் எல்லாருக்கும் இந்தி. இந்தியில் ஒருவன் பெயரைக் கெடுத்தால் அது பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு படகுத்துறையிலும் இறங்கும்.

பட்டறைக்கு ஆள் வருவது நின்றுபோனது. ஆபரேட்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் ராஞ்சிக்காரன், என்னோடு உட்கார்ந்து எத்தனையோ டீ குடித்தவன். அவன் மனைவி என்னைக் கண்டதும் வார்டு கதவிலேயே மறித்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். கட்டிலில் கிடந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வலி என்று நினைத்தேன்.

பட்டறையைப் பூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்து, இன்னொருவர் ஷெட்டில் கூலிக்கு நின்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளில் நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அடியில் வெல்டிங் சரியாக இறங்கவில்லையோ? வெல்டிங் ராடில் ஈரம் இருந்ததோ? ஒரு மனிதனின் கால் என் கையால்தான் போனதோ? ஜன்னல் கம்பி வைக்கும்போதும் இதே நினைப்புதான். பிழைப்பைக் கெடுத்ததற்காக நான் அவனை மன்னித்திருப்பேனோ என்னவோ. என் கையை நானே நம்பாமல் செய்தானே, அதற்காக அவனை விடக் கூடாது என்று இருந்தேன்.

"வர்றேன்" என்றேன்.

என் மனைவி தடுக்கவில்லை. பையில் துணி வைத்துக்கொண்டே, "போயிட்டு வாங்க. ஆனா அவன் கையால பச்சத் தண்ணி வாங்கிக் குடிச்சிறாதீங்க" என்றாள்.

பஸ் காட்டுக்குள் போன நேரம் முழுக்க அவனை எப்படிப் பழிவாங்குவது என்றே யோசித்துக்கொண்டு போனேன். அது ஒன்றும் கஷ்டமில்லை. வெளியே மீன் செதில் மாதிரி வரிசையாக, பார்க்க லட்சணமாக வெல்டிங் வைக்கலாம். உள்ளே வெறும் கசடு. சில நாள் தாங்கும், பிறகு வாய்க்கால் நடுவில் முறியும். நினைக்க நினைக்க இனித்தது. பஸ்ஸோடு ஃபெரியில் ஏறி உப்புக் காற்று முகத்தில் அடித்தபோதுதான் புத்தி வந்தது. முறிந்தால் என்ன சொல்வான்? "பாத்தீகளா, அன்னைக்கும் இவந்தான்" என்பான். அவன் சொன்ன பொய்யை நானே உண்மையாக்கிக் கொடுத்த மாதிரி ஆகும். தவிர, ஆபரேட்டர் சீட்டில் இப்போது வேறு எவனோ ஒரு அப்பாவி உட்கார்ந்திருப்பான்.

வாய்க்கால் வெட்டும் இடத்தில் பூமைக் கழற்றி மரக்கட்டைகள் மேல் கிடத்தியிருந்தார்கள். "டீ சாப்பிடுங்க தம்பி" என்று அவன் நீட்டிய கிளாஸை நான் தொடவில்லை. அவனுடைய வெல்டர் வைத்திருந்த ராடை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை. இங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கும், ராடைக் காயவைக்காமல் பற்றவைக்க முடியாது. அந்தப் புண்ணியவான் கொப்பரை காயப்போடும் பரணில், புகைக்கு மேலே வைத்துக் காயவைத்திருக்கிறான். எண்ணெயும் ஈரமும் சேர்ந்து ஏறிவிட்டது. பிறகு வெல்டிங் எப்படி நிற்கும்? இந்தத் தீவுகளில் பிறந்தவனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும்.

கிரைண்டரை எடுத்து விரிசலைச் சுற்றி பெயின்டை அரைத்தேன். மஞ்சள் பெயின்ட் போனது, அதற்கடியில் இன்னொரு மஞ்சள் பெயின்ட் போனது, அதற்கும் கீழே ஒரு பழைய வெல்டிங் தெரிந்தது. கிரைண்டரை நிறுத்தினேன். அது என்னுடையது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ராடைப் பின்பக்கமாகச் சுழற்றி எடுப்பது என் பழக்கம், அந்தச் சுழி அப்படியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரு கீறல் கிடையாது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இரும்பை வெட்டிப் புதுத் தகடு வைத்திருந்தார்கள். அன்றைக்கு முறிந்த இடம் அதுதான். அதற்குப் பக்கத்தில், பூமின் அடிப்பக்கம், சங்கிலி கடித்த தழும்புகள் இருந்தன.

எனக்கு அழுகையும் வந்தது, அவனை அங்கேயே அடித்துப் போட வேண்டும் என்றும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். விரிசலை அடிவரைக்கும் அரைத்துத் திறந்தேன், புதுத் தகட்டையும் அறுத்து எடுத்தேன். வேலைமுறைப்படி செய்ய வேண்டியதுதான். ஆனால் முன்னால் விரிசலோடு கிடந்த பூம், இப்போது வாய் பிளந்து கிடந்தது. இந்த நிலையில் வேறு எந்த வெல்டரும் அதைத் தொட மாட்டான். அப்புறம்தான் கிரைண்டரைக் கீழே வைத்து அவனைக் கூப்பிட்டேன்.

"இது யாரு வச்ச வெல்டிங்?"

குனிந்து பார்த்தான். "உங்களதுதான்."

"விட்டுப்போச்சா?"

வெல்டிங் மேல் கிடந்த பெயின்ட் தூளைக் கையால் தட்டினான்.

"சங்கிலி கட்டி என்னத்த இழுத்தீங்க?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "காட்டுல கெடந்த படாக் மரத்தோட அடிமரம் ஒண்ணு. நாந்தான் இழுக்கச் சொன்னேன். வெளிய தெரிஞ்சா நம்ம தொழிலே போயிருமேன்னு பயம். அந்த நேரத்துல வாயில வந்தது உங்க வெல்டிங். தப்புத்தான் தம்பி, மன்னிச்சிருங்க. நாமெல்லாம் தமிழ் ஆளுக, நமக்குள்ள என்ன?"

"என்னையத் தமிழ்லயா கெடுத்தீங்க?"

விழித்தான்.

"பஸ் ஸ்டாண்டு டீக்கடையில, இந்தியில சொன்னீங்க. அதே எடத்துல போயி இந்தியிலயே சொல்லுங்க. அதுவரைக்கும் இது இப்பிடியே கிடக்கட்டும்."

வானத்தைப் பார்த்தான். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்தான். பிறகு ஜீப்பில் ஏறினான்.

டீக்கடையில் மாலைக் கூட்டம். வங்காளிக் காய்கறிக்காரர், பஸ் டிரைவர்கள், ரோடு வேலை ஆட்கள். மூலை பெஞ்சில் அந்த ராஞ்சிக்கார ஆபரேட்டரும் தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கான்ட்ராக்டரின் யார்டில் இப்போது அவன் வாட்ச்மேன். கான்ட்ராக்டர் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, வாய்க்குள்ளேயே ஏதோ முனகினான்.

"ஜோர் ஸே போலியே" என்றேன். சத்தமாக.

"உஸ் டைம் இஸ்கா வெல்டிங் நஹி குலா தா." அன்றைக்கு இவருடைய வெல்டிங் விட்டுப்போகவில்லை. "ஹம் சேன் லகாகே லக்டி கிச்வாயா. கல்தி ஹமாரா தா." சங்கிலி கட்டி மரம் இழுக்க வைத்தது நான், தப்பு என்னுடையது.

"ஃபிர் ஸே" என்றேன். இன்னொரு தடவை சொன்னான். அவன் காது மடல் சிவந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று மறைக்கப்போவதில்லை. பண்டிகைச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

வங்காளிக் காய்கறிக்காரர்தான் மூலை பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "தும் தோ காடி மே தா. தும்கோ மாலும் நஹி தா?" வண்டியில் இருந்தவன் நீதானே, உனக்குத் தெரியாதா?

ஆபரேட்டர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாலும் தா."

தெரியும். அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பியது வலியால் இல்லை. அந்தப் பண்டிகைச் சாப்பாடு எனக்கு அங்கேயே கசந்துபோனது.

மறுநாள் வெல்டிங் வைத்தேன். நான் கொண்டுபோன ராடு, காற்றுப் புகாத டப்பாவில் இருந்தது. பூமை கேஸ் நெருப்பால் சூடேற்றி, அடி வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் கசடு தட்டி, கடைசியில் மெல்ல ஆறட்டும் என்று சாக்குகளால் மூடினேன். கை சொன்னபடி கேட்டது. ஆறிய பிறகு பூமை வண்டியில் மாட்டி, வாளி நிறையக் கல்லை அள்ளித் தூக்கிப் பார்த்தார்கள். இம்மிகூட அசையவில்லை. "நிக்குமா தம்பி?" என்று தமிழில் கேட்டான். வேலை ஆட்கள் எல்லாரும் கேட்கும்படி இந்தியில் பதில் சொன்னேன், நீங்கள் மரம் இழுக்காதவரைக்கும் நிற்கும் என்று. ஆட்கள் சிரித்தார்கள். அவனோடு என் கணக்கு அங்கே தீர்ந்தது.

விடிந்ததும் போர்ட் பிளேர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தடியை ஊன்றிக்கொண்டு ஆபரேட்டர் வந்தான். அந்தக் காலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாய், மாஃப் கர் தோ" என்றான், மன்னித்துவிடு என்று. "பச்சா லோக் சோட்டா தா. நௌக்ரி இஸ்கே ஹாத் மே தா." பிள்ளைகள் சின்னவர்கள், வேலை அந்த ஆள் கையில் இருந்தது.

அவன் சொன்னதில் பொய் இல்லை. கால் போன மனிதன் வேறு என்ன செய்திருப்பான் என்று எனக்கும் தெரியும். ஆனால் கான்ட்ராக்டர் பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவன் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் தன் காலுக்காக என்னைக் குமையவிட்டான். ஒரு வார்த்தை, யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார். அவன் இன்னும் கம்பியை விடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹாத் ஹடாவ்" என்றேன்.

கையை எடுத்தான். நான் ஷட்டரை இறக்கினேன்.