அம்மாவின் நோயாளி

நாலாம் வகுப்பில் நான் நோயாளியானேன். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. அம்மாவுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டது, வீட்டில் சும்மா இருந்தது நான் மட்டும்தான்.

கேரள எல்லையிலிருக்கும் பாறசாலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா, வெளிநாடு போவதற்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நோயாளியிடம் எப்படிப் பேசுகிறாள் என்று பார்த்து மார்க் போடுவார்களாம். பயந்து கிடப்பவரிடம் வெறுமனே 'இல்லை' என்றால் போதாது, கூடவே கனமான ஒரு சொல்லை வைக்க வேண்டும் என்று நெய்யாற்றின்கரை கோச்சிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நம்மூரில் 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசியைக் குத்திவிடுவார்கள். வெள்ளைக்காரருக்கு அதற்கென்று தனிச் சொற்கள் உண்டு. சர்ட்டன்லி, டெஃபினிட்லி, ரியலி. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

நான் கையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் படுப்பேன். "வில் இட் ஹர்ட், சிஸ்டர்?" என்று முனகுவேன். "இட் டெஃபினிட்லி வோன்ட் ஹர்ட்" என்பாள் அம்மா. நம்பும்படி இருந்தால் நான் "தேங்க் யூ சிஸ்டர்" சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் "அகெய்ன்." நான் லேசில் மசிகிற நோயாளி அல்ல. நாலைந்து தடவை சொல்லவைத்த பிறகுதான் நன்றி கிடைக்கும். நைட் டூட்டி முடிந்து வந்த நாட்களில் மட்டும் அவளுக்குக் கண் சொருகும். அப்போது கொஞ்சமும் நம்பாமலே "தேங்க் யூ சிஸ்டர்" என்றுவிடுவேன். அப்படியே என் பக்கத்தில் சரிந்து தூங்கிப்போவாள்.

அம்மா பாஸானாள். போகிற அன்று காலையில், காரில் ஏறப்போகும்போது என் காதருகே குனிந்து, "ஐ டெஃபினிட்லி வோன்ட் ஃபர்கெட் யூ, மக்கா" என்றாள்.

"அகெய்ன்" என்றேன்.

இன்னொரு தடவை சொன்னாள். நான் மறுபடி "அகெய்ன்" என்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். மூன்றாவது தடவை சொல்லாமலே காரில் ஏறிவிட்டாள். கார் போய்விட்டது, நான் நன்றி சொல்லவில்லை.

அப்பா பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். அவர் வர விளக்கு வைக்கும் நேரமாகும். பள்ளி விட்டு வந்து, செருப்புப் பெட்டிக்கு அடியில் இருக்கும் சாவியை எடுத்துத் திறந்து, நேராகப் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வேன். நானே முனகி, நானே ஆறுதல் சொல்வேன். என்னால் என்னை ஒரு தடவைகூட நம்பவைக்க முடியவில்லை. அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அம்மா போனில் கூப்பிடுவாள். நான் அழுவேன், அவளும் அழுவாள், அழுகையிலேயே போன் தீர்ந்துபோகும். ஒரு ஞாயிறு, "எனக்கு இங்க இருக்கப் பற்றாது மக்கா, நான் அங்க வாறேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வரப்போகிறாள் என்று மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா என்னை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்தார். வாழைக்கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ இப்பிடி அழுது கரஞ்சா அவ வந்துருவா மக்கா. வந்தா பிறகு போவமாட்டா. மூணு வருசம் ஒறக்கமில்லாம படிச்சதாக்கும். நீ தைரியமாட்டு பேசணும், கேட்டியா."

வந்தால் வரட்டுமே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதுவரை அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி செய்தேன். வீட்டில் நான் அழுவது தமிழில், பள்ளியில் அழுவது மலையாளத்தில். ஆங்கிலத்தில் ஒருநாளும் அழுததில்லை. அதனால் அதையே எடுத்துக்கொண்டேன்.

"மக்கா கரையுதியா?" என்றாள் அம்மா, அடுத்த ஞாயிறு நான் போனை எடுத்ததும்.

"நோ. ஐ டெஃபினிட்லி டோன்ட் க்ரை. யூ ரியலி டோன்ட் நீட் டு கம்." குரல் ஆடவில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, "அகெய்ன்?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "தேங்க் யூ சிஸ்டர்" என்றாள்.

"அப்பா, அம்மெ நம்பிட்டா" என்று முற்றத்துக்கு ஓடினேன். அப்பா குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அதன்பின் வருகிறேன் என்று சொல்லவே இல்லை. மூன்று வருடம் கழித்து லீவில் வந்தாள்.

அம்மா நம்பிவிட்டாள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நம்பாமலும் அந்த நன்றியைச் சொல்லலாம் என்பது, அதே கட்டிலில் படுத்து எத்தனையோ தடவை அப்படிச் சொன்ன எனக்கே அன்று தோன்றவில்லை.