குதிக்க மட்டுமே தெரிந்த எஸ்மரால்டோ

பிலிப்பைன்ஸின் இலோஇலோ நகரில் ஜீப்னி என்னும் சிற்றுந்து ஓட்டும் எஸ்மரால்டோ சாலையில் யாருக்கும் வழி விட்டதில்லை. நண்பர்கள் நாங்கள் கணினியில் நடத்தும் கூடைப்பந்து லீக்கில் ஆட்டத்தைக் கணினியே ஆடிக் காட்டும். திரையில் ஆடும் ஆட்டக்காரர்களை உருவாக்கி வளர்ப்பது மட்டும்தான் எங்கள் வேலை. ஐந்தடி மனிதனான இவன், தன் பெயரையே வைத்து ஆறரை அடியில் ஓர் ஆட்டக்காரனை உருவாக்கினான். சீசனுக்குச் சீசன் கிடைத்த பயிற்சிப் புள்ளிகளை எல்லாம் குதிப்பதற்கே கொட்டினான். பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கப் பழக்கவே இல்லை.

ஆட்டக்காரனுக்கு வயது முப்பத்து மூன்று ஆனதும் கணினி அவன் குதிக்கும் திறனைக் குறைத்துவிட்டது. இனி அவனால் அணிக்குப் பயனில்லை; ஆனால் நீக்கினால் எஸ்மரால்டோ என்ற பெயரே லீக்கில் இருக்காது.

"பாஸ் பண்ணப் பழக்கு மச்சான். அது வயசானாலும் கொறையாது" என்றேன்.

"என் பேரை வச்சுக்கிட்டு அடுத்தவனுக்குப் பந்து குடுப்பானா? போடா!"

அவன் மனைவி குளோரிட்டா சிரித்தாள். "கட்டிலை விட்டு எந்திரிக்கவே உனக்கு ஒரு கை வேணும். இதுல அவன் மட்டும் குதிக்கணுமாக்கும்!"

கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே புதுப் புள்ளிகளைப் பந்து கொடுப்பதற்கு மாற்றிப் போட்டான். அடுத்த சீசனில் திரையில் அந்தக் கிழட்டு ஆட்டக்காரன் கொடுத்த பந்தையெல்லாம் மற்ற நால்வரும் கூடையில் போட்டார்கள். கோப்பையும் வந்தது. நாங்கள் கைதட்டினோம். அவன் திரையை முறைத்தான்.

"ஜெயிச்சதெல்லாம் சரிடா. ஆனா இவன் யாருன்னே எனக்குத் தெரியலையே!"