பெயர் தெரியாத பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

என் மகள் ஆரணியின் இதயத்தை எடுத்துவிட்டு, வேறொரு குழந்தையின் இதயத்தை அந்த இடத்தில் வைக்கப்போகிறார்கள் என்றே அன்று எங்கள் குடும்பம் முழுவதும் நம்பியது. குடும்பம் என்று நான் சொல்வது ஜெர்மனியில் நானும் கணவரும், யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான கரம்பொன்னில் என் அக்காவும்தான். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை ஒரே ஒரு சொல். இங்கே கோடை விடுமுறைக்குப் புறப்படுகிறவர்களை அயலவர்கள் "கூட்டே எர்ஹோலுங்" என்று வழியனுப்புவார்கள். நன்றாக ஓய்வெடுத்துத் தேறி வாருங்கள் என்பது அதன் பொருள். கீழ்வீட்டு அம்மையார் பயணப்பெட்டியோடு மாடிப்படியில் எதிர்ப்படும்போது நானும் அதையே சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தச் சொல்லுக்கு முன்னால் என் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது.

ஆரணிக்கு அப்போது இரண்டரை வயது. வெறும் தடிமன், சளி என்று நாங்கள் நினைத்த காய்ச்சல் இதயத் தசையில் இறங்கிவிட்டது. நாலடி நடந்தால் குந்திவிடுவாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற மூன்றாம் நாள், அவளுடைய இதயத்தால் இனித் தனியே இயங்க முடியாது என்றார்கள். கோழிமுட்டை அளவான ஒரு பம்பை அவளது வயிற்றுக்கு வெளியே பொருத்தினார்கள். இரண்டு குழாய்கள் அதை உள்ளே இருந்த இதயத்தோடு இணைத்தன. கண்ணாடி போன்ற அதன் ஓட்டுக்குள் என் மகளின் இரத்தம் ஓடுவதை நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். எங்கேனும் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று தாதியர் சிறிய டோர்ச் லைட்டை அடித்து நாளுக்குப் பலமுறை தேடுவார்கள். பம்பை இயக்கும் யந்திரம் சில்லுப் பூட்டிய அலுமாரி போல அருகே நின்று, டக், டக் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து அவள் எழுந்து நடந்தாள். யந்திரம் பின்னால் வரச் சுணங்கினால் திரும்பிப் பார்த்து, "வா, கெதியா வா" என்று அதட்டுவாள். அதைத் தள்ளிக்கொண்டு நான் போவேன்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் தொலைபேசி வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார்கள். மாற்று இதயம் கிடைக்கும்வரை இந்தப் பம்ப் தாங்கும் என்றும், சில பிள்ளைகளுக்கு அதற்குத் தேவையே வராது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். முதற்பாதியோடு என் செவி அடைத்துப்போனது. ஊரில் கைக்கெட்டிய புத்தகம் எதையும் விடாமல் வாசித்தவள் நான். ஆனால் ஜெர்மன் மொழியில் அப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளை. மருத்துவர் நாள்தோறும் வந்து, ஆரணியின் நெஞ்சைத் தொட்டு, எர்ஹோலன் என்பார். உணவகக் குசினியில் வேலை செய்த என் கணவரிடம் கேட்டேன்.

"எர் எண்டால் அவர். ஹோலன் எண்டால் போய் எடுத்துக்கொண்டு வாறது. குசினியிலை அதை எடு, இதை எடு எண்டு நாள் முழுக்க என்னை ஏவுறது அந்தச் சொல்லாலைதான்" என்றார் அவர்.

ஆக, அவர் போய் எடுத்துவருவார். இதயத்தை. அந்த விளக்கத்தில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருப்பவள் அவள். எந்தக் கடிதத்தையும் இரண்டு முறை வாசிக்காமல் கையெழுத்துக்கு அனுப்பமாட்டாள்.

"வேறை இதயம் எண்டால், எங்கையிருந்து எடுப்பினம்?" என்று கேட்டாள்.

"அது தெரியேல்லை, அக்கா."

"ஆற்றையோ பிள்ளையின்ரைதானே."

யாரோ ஒருவரின் பிள்ளையிடமிருந்துதான் என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், படகேறி நயினாதீவு அம்மனிடம் சென்றிருக்கிறாள். அன்று மாலையே என்னை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒளித்துவைத்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் இரண்டு அர்ச்சனை செய்வித்திருந்தாள். ஒன்று ஆரணி, ரேவதி நட்சத்திரம். இரண்டாவதற்கு ஐயர் பெயர் கேட்டபோது, "பேர் தெரியாது ஐயா, சின்னப் பிள்ளை" என்றிருக்கிறாள்.

"நட்சத்திரமும் தெரியாதோ?"

"தெரியாது. இப்ப உயிரோடை இருக்கிற பிள்ளை. அது அப்பிடியே இருக்கவேணும் எண்டு செய்யுங்கோ."

ஐயர் சிறிது யோசித்து, அப்படியானால் அம்பாள் பெயரில் செய்வோம் என்று தட்டத்தை வாங்கிக்கொண்டாராம்.

அந்தப் பிள்ளை இருந்தால் என் பிள்ளைக்கு இதயம் எங்கிருந்து வரும்? "உனக்கு ஆரணி வேண்டாமோ, அக்கா?" என்று கேட்டேன்.

"அவள் வேணும் எண்டுதானே முதல் அர்ச்சனை செய்தனான். ஆனால் இன்னொரு பிள்ளையைத் தா எண்டு அம்பாளிட்டைக் கேக்க எனக்கு ஏலாது. நீ கேக்கிறதெண்டால் கேள். உன்னிலை நான் பிழை சொல்லமாட்டன்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. கோபத்தை விடவும் எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று: அவள் கேட்க மறுத்ததை நான் ஒவ்வொரு காலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். யந்திரத்தின் ஒலியை எண்ணியபடி, இன்று எடுத்துவரட்டும், இன்று எடுத்துவரட்டும் என்று. எவளோ ஒரு தாய் அந்த நேரத்தில் தன் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பாள் என்ற நினைவு வரும்போது, அதைத் தள்ளிவிட்டு மறுபடி எண்ணுவேன்.

ஏழாம் வாரத்தில் ஒருநாள், மருத்துவர் முகமெல்லாம் சிரிப்பாக அறைக்குள் வந்தார். இதயம் "ஸிஷ் எர்ஹோல்ட்" என்றார். எடுத்துவந்துவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன். இத்தனை நாளும் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் என் வாயில் வந்த கேள்வி "வெல்ஷஸ் கிண்ட்?" என்பதுதான். எந்தப் பிள்ளை?

"ஈர் கிண்ட்" என்றார். உங்கள் பிள்ளை.

இல்லை, மற்றப் பிள்ளை, இறந்த பிள்ளை என்று எனக்குத் தெரிந்த சொற்களைக் கோத்தேன். அவர் பதறிப்போய் நைன், நைன், இல்லை, இல்லை என்றார். பிறகு, நான் எதை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்கு மெல்ல எட்டியது. ஆறடி உயரமான அந்த மனிதர் கட்டிலோரத்தில் அமர்ந்தார். இரண்டு கைகளையும் கூப்பிக் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் கண்ணை மூடினார். பம்பைச் சுட்டிக்காட்டி, அது சுமை தூக்குவதுபோல நடித்தார். பின்னர் கண்விழித்து, சோம்பல் முறித்து, எழுந்து நின்று ஆரணியின் நெஞ்சைத் தொட்டார். "எர்ஹோலன்" என்றார். ஆரணி கைதட்டி, மறுபடி செய்யச் சொன்னாள். அவர் மறுபடியும் தூங்கிக் காட்டினார்.

எவரிடமிருந்தும் எதையும் எடுத்துவரவில்லை. பம்ப் வேலையைச் சுமக்க, அவளுடைய இதயம் அவளுக்குள்ளேயே படுத்துக் கிடந்து தேறியிருக்கிறது. பம்பின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஸ்கானில் பார்த்து, சில நாட்களில் அதைக் கழற்றினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமைவதில்லை. பக்கத்து அறைக் குழந்தைக்கு அதே யந்திரம் வெறும் காத்திருப்பாகவே இருந்தது. நாங்கள் வீடு திரும்பிய நாளிலும் அதன் தாய் நடைபாதையில் யந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அக்காவை நானே அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, நீண்ட நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "உவ்வளவு புத்தகம் வாசிச்சு என்ன பலன்? ஒரு சொல்லை ரெண்டாய் உடைச்சு வைச்சுக்கொண்டு என்னோடை கோவிச்சிருக்கிறாய்" என்றாள்.

"உடைச்சது நானில்லை, இவர்தான்."

"அவர் உடைக்கிறது குசினியிலை கோப்பையோடை நிக்கட்டும்."

கடந்த ஆவணியில் ஆரணியை அழைத்துக்கொண்டு மூவருமாக ஊருக்குப் போனோம். நயினாதீவுப் படகில் மிதப்புச் சட்டையின் வார் அவள் நெஞ்சுத் தழும்பில் அழுந்துகிறதோ என்று, அக்கா மூன்று முறை விரல் விட்டுப் பார்த்தாள். கோயிலில் வழக்கம்போல இரண்டு தட்டம் வாங்கினாள். ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்துவருகிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்து அறைக் குழந்தையை நான் நினைத்தேன். அதற்கு இதயம் வந்திருந்தால், அது யாரிடமிருந்து வந்தது என்பதையும். இரண்டாவது அர்ச்சனை யாருக்கு என்று ஆரணி என்னிடம் ஜெர்மனில் கேட்டாள். சொன்னேன். அந்தப் பிள்ளை எங்கே வசிக்கிறது என்று கேட்டாள்.

"என்னவாம் பிள்ளை?" என்றாள் அக்கா.

"அந்தப் பிள்ளை எங்கை இருக்கெண்டு கேக்கிறாள்."

"இருக்கு எண்டு சொல்லு."

அதை ஜெர்மனில் சொல்ல முயன்றேன். தமிழில் "இருக்கு" என்பதோடு நிறுத்தலாம்; எங்கே என்று சொல்லாமல் அந்த வாக்கியம் ஜெர்மனில் முடிய மறுத்தது. ஆரணி காத்திருந்துவிட்டு, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வீதி சுற்றப் போய்விட்டாள்.

நாலாம் நாள் நாங்கள் மூவரும் விமானம் ஏறினோம். கரம்பொன்னில் அக்கா இருக்கிறாள், ஒவ்வோர் ஆண்டும் இரண்டு தட்டம் வாங்குவதற்கு.