போன வருடம் நான் சொன்ன பொய்ச் சாட்சி

இரக்கத்தில் குறைவில்லாத என் தேவனுக்கு முதலில் நன்றி. அடுத்ததாக, சபையாரே, உங்கள் எல்லாரிடமும் மன்னிப்பு. போன வருடம் இதே சபையில் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். பலர் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் போதகர் ஐயா எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

என் பெயர் சுகந்தி. கூலிம் டவுனில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வளர்ந்தது மெர்போக் பக்கம் ரப்பர் தோட்டத்தில். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் அவருக்கு ரோட்டில்தான் குடித்தனம். எங்களுக்கு ஒரே மகள், ஜெசிந்தா. இது நடந்தபோது அவளுக்கு நான்கு வயது.

எனக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் ஜெசி பக்கத்து வீட்டுப் பரிமளா அக்காவிடம் தூங்குவாள். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, அவளைப் பாலர் பள்ளியில் விட்டு, துணி துவைத்து, கொஞ்சம் கண் மூடினால் பன்னிரண்டு மணி. மறுபடியும் எழுந்து ஓட வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இதே ஷிப்டில் வேலை செய்கிற எத்தனையோ அம்மாக்கள் பிள்ளையை அடிப்பதில்லை. நான் அடித்தேன்.

அடியாத மாடு படியாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். பாலர் பள்ளியின் முதல் நாளே கடையில் ஒரு ரோத்தான் வாங்கிக்கொண்டு போனேன். சிவப்புப் பிடி போட்ட பிரம்பு. அதை மல்லிகா டீச்சர் கையில் கொடுத்து, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்" என்றேன். என் அப்பா என் வாத்தியாரிடம் சொன்ன அதே வார்த்தை. பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. டீச்சர் சிரித்துவிட்டு, "இது இங்க வேணாம்மா, வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு போய் சமையலறை ஆணியில் மாட்டினேன்.

சாப்பிட மாட்டேன் என்றால் அடி. செருப்பை மாற்றிப் போட்டால் அடி. பிரம்பைப் பற்றிய வசனம் மட்டும் எனக்கு மனப்பாடம். பொறுமையைப் பற்றி எத்தனையோ வசனம் இருக்கிறதே, ஒன்றாவது ஞாபகம் வந்ததா? வரவில்லை.

பிறகுதான் அந்த ஜெபக் கூட்டம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைக்கு அடம் அதிகம், பிடிவாத ஆவி இருக்கிறது, ஜெபியுங்கள் என்று சொல்லி ஜெசியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். நீங்கள் எல்லாரும் கை நீட்டி ஜெபித்தீர்கள். நான்கு வயதுப் பிள்ளை, இத்தனை பெரியவர்கள் நடுவில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அன்று அவள் பாவாடைக்குள் மூன்று கோடுகள் இருந்தன. எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஜெப விண்ணப்பத்தில் என் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஜெசி அமைதியானாள். சொன்னதைச் செய்தாள். போட்டதைச் சாப்பிட்டாள். இரண்டு மாதம் கழித்து நான் எழுந்து, "ஆண்டவர் என் பிள்ளையின் அடத்தை எடுத்துப்போட்டார்" என்று சாட்சி சொன்னேன். ஆண்டவர் எடுக்கவில்லை, சபையாரே. பயந்துதான் அவள் அடங்கினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். இஸ்திரி போட்டு வைத்திருந்த என் வேலைச் சட்டையில் ஜெசி குடித்துக்கொண்டிருந்த மைலோவைக் கொட்டிவிட்டாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். ஆணியிலிருந்து ரோத்தானை எடுத்து என் கையில் கொடுத்தாள். திரும்பி நின்றுகொண்டாள்.

அந்த இடத்தில் என் மனம் உடைந்தது, பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நான் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அவள் அழவும் இல்லை.

மறுநாள் அவளுக்கு நீளக் கால்சட்டை போட்டு அனுப்பினேன். எத்தனுக்கு எத்தன் உண்டு. பள்ளியில் அவள் ஒன்றுக்குப் போய்விட, டீச்சர் உடை மாற்றும்போது பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனதுமே, "படியில விழுந்துட்டா டீச்சர்" என்றேன். அவர் இன்னும் எதையும் கேட்கவே இல்லை.

மல்லிகா டீச்சர் ஒரு தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

"குடிங்க. எத்தன மணி நேரம் தூங்குனீங்க?"

"ரெண்டு."

"படியில விழுந்தா கோடு கோடா விழாதும்மா. அந்தப் பெரம்புதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கு உங்க கையிலயே திருப்பிக் கொடுத்தேனே, அது என் தப்பு. உக்கார வச்சுப் பேசியிருக்கணும்." தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இத நான் மறைக்க முடியாது. வெல்பேர் ஆபீசுக்குச் சொல்லித்தான் ஆகணும், அது சட்டம். ஆனா உங்கள விட்டுட்டுப் போக மாட்டேன். கூடவே வருவேன்" என்றார்.

டீச்சர் நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. நெற்றியில் குங்குமம் வைத்தவர். ஒருகாலத்தில் அவருக்காக 'இரட்சிக்கப்பட வேண்டும்' என்று ஜெபித்தவள் நான். அதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

நான் எழுந்து பிள்ளைகளின் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்கால் உயரத்தில் குட்டிக் குழாய்கள். தரையில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, என் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துப் போக விடாதேயும்" என்றேன். அடுத்த மூச்சில், "ஆண்டவரே, என் கைக்கு அவளைத் தப்புவியும்" என்றேன். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஜெபம். இரண்டும் என் வாயிலிருந்துதான் வந்தன. எதைக் கேட்பார் என்று எனக்கே தெரியவில்லை.

தேவன் இரண்டையும் கேட்டார்.

கிளினிக்கில் காட்டினோம். வெல்பேர் அதிகாரி வந்து விசாரித்தார். டீச்சர் சொன்னபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் ஜெசி பரிமளா அக்கா வீட்டில் இருக்க வேண்டும், நான் போய்ப் பார்க்கலாம், தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். என் மகளைப் பார்க்க நான் அடுத்த வீட்டுக் கேட்டில் மணி அடித்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு வாரமும் அக்கம்பக்கத்தில் யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

பரிமளா அக்கா ஒருநாள் கேட்டில் வைத்தே சொன்னார்: "எனக்குச் சத்தம் கேக்கும் சுகந்தி. உங்க வீட்டு விசயம், நமக்கு எதுக்குன்னு ரேடியோவக் கூட்டி வச்சுட்டேன். என்னயும் மன்னிச்சிரு."

என் வீட்டுக்காரரும் ஓடி வந்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் தெரியும்லா. தெரியாத மாதிரி லோரிய எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார். இப்போது பினாங்கு வரை மட்டும் ஓட்டுகிறார். தினமும் வீட்டுக்கு வந்துவிடுவார்.

பாலர் பள்ளியில் சனிக்கிழமை தோறும் பெற்றோர் கூடுவார்கள். ஏழெட்டுப் பேர்தான். அதற்கு நான் போக வேண்டும் என்று வெல்பேரில் எழுதியே கொடுத்தார்கள். முதல் வாரம் மூலையில் உட்கார்ந்தேன், எல்லாருக்கும் என் கதை தெரிந்திருக்கும் என்று. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். என்னைப் போலவே இருந்தவர்கள். நான்கு வயதில் பிள்ளைக்கு எது முடியும், எது முடியாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை மைலோவைக் கொட்டுவது நம்மை எதிர்ப்பதற்காக இல்லை, கை சின்னது என்பதற்காக. இதைக் கூடவா ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்? எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு இரவு ஷிப்ட் என்றால் ஜெசியை மூன்று மணி வரை பள்ளியிலேயே வைத்துக்கொள்வார்கள். நான் தூங்கி எழுந்து போவேன்.

கோபம் ஏறினால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வந்து யாருக்காவது போன் போட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நான் பரிமளா அக்காவுக்குப் போடுவேன்.

"அக்கா, கை பரபரங்குது."

"வெளிய வந்து நில்லு. நானும் வர்றேன். இன்னிக்கு என்ன கறி?"

"கறியாவது மண்ணாவது!"

"சொல்லு லா. மீனா, கோழியா?"

கோழி என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். அப்படி எத்தனை முறை அந்த அக்காவைத் தொல்லைப்படுத்தினேனோ, கணக்கே இல்லை.

ஜெசி வீட்டுக்குத் திரும்பிய அன்று முழங்காலில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி அம்மா அடிக்க மாட்டேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு?"

"அடிக்க மாட்டேன்."

"அதுக்கு அடுத்த நாளு?"

"அன்னிக்கும் அடிக்க மாட்டேன்."

அதிலிருந்து தினமும் காலையில் கண் விழித்ததும், "இன்னிக்கு அடிப்பீங்களாம்மா?" என்று கேட்பாள். கோபமாக இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்பாள். மாட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் படுக்கையை விட்டு இறங்குவாள். ஏழு மாதம். ஒரு நாள் விடாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். இதைவிடப் பெரிய தண்டனையை எந்த அதிகாரியும் எனக்குத் தந்திருக்க முடியாது.

போன மாதம் ஒரு காலையில் ஜெசி எழுந்தாள், நேராக ஓடி வந்து மேசையைப் பார்த்தாள், "இட்லி வேணாம்! ரொட்டி சானாய்தான் வேணும்! போங்கம்மா!" என்று காலை உதைத்துக்கொண்டு கத்தினாள். அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதேன். என்ன ஆச்சோ என்று அவள் பாதி அழுகையில் நிறுத்திவிட்டு என் தலையைத் தடவினாள்.

என்னைப் போல் இங்கே யாராவது இருந்தால், ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். நீங்கள் வாருங்கள். ஜெபிப்போம். ஜெபம் முடிந்ததும் டீச்சரிடமும் போவோம், நான் கூடவே வருகிறேன். கேட்கிற தேவன் ஒருவர் இருக்கிறார். என்னைப் போன்றவளுடைய ஜெபத்தையே கேட்டாரே.

அதனால் போன வருடச் சாட்சியை நான் திரும்பப் பெறுகிறேன். இதுதான் என் சாட்சி: என் மகள் மறுபடியும் அடம் பிடிக்கிறாள்.