ஜைனப்பின் கருந்தேள்

ஜைனப் போய்விட்டாள். விடிந்ததும் அவள் தம்பி போன் செய்தார். ஹார்ட் அட்டாக்... சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

காலேஜ் விலங்கியல் டிபார்ட்மென்ட்டில் என் பக்கத்து மேஜைக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் தன் ரூமில், கட்டிலுக்கு அடியில், பிளாஸ்டிக் பெட்டியில் கருந்தேள் வளர்த்தாள்.

தம்பிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் ஜோடி சேர்க்க ஆண் தேள் ஒன்றைக் கொண்டுவந்தாள். "மாப்ள வந்துட்டாருடி, பாக்க வாரியா?" என்று போன். போனேன். இரண்டும் முன் இடுக்கியோடு இடுக்கி கோத்துக்கொண்டு பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தன.

"பொண்ணு பாக்கல, பூ வைக்கல, நேரா கையப் புடிச்சாச்சு பாரு!" அப்படிச் சிரித்தாள்.

போன வாரம் குட்டி போட்டது. வெள்ளை வெளேரென்று, தாயின் முதுகு முழுக்க.

தம்பி கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட்டை அடித்துக் காட்டினாள். தாய் பச்சையாக மின்னியது. குட்டிகள் மின்னவில்லை. "தோல் உரிக்கிற வரைக்கும் மின்னாது. முதுகு இருட்டா இருந்தா புள்ளைங்க பத்திரம்னு அர்த்தம். பெட்டிய ஆட்டினா, பயத்துல அவளே தின்னுருவா."

பிறகு சொன்னாள், "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல இவளத் தூக்கிட்டுப் போ. அப்புறமா அழு." சரி என்றேன். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன்...

இன்று போனபோது ஹால் நிறையப் பெண்கள். நடுவில் ஜைனப். தம்பி வாசலில், ஆண்களோடு.

மையத்து கிடக்கும் வீட்டில் "தேள் எங்கே?" என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. கூச்சம். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று, ஓரமாக உட்கார்ந்தே இருந்தேன்.

உட்கார இடம் போதவில்லை என்று ரூமில் கட்டிலை இழுத்தார்கள். பெட்டியில் இடித்தது. அலறல்.

"மையத்து வீட்டுல தேளு! செருப்ப எடுங்கடி!" ஜைனப்பின் பெரியம்மா.

அப்போதுதான் எழுந்து ஓடினேன். "அடிக்காதீங்கம்மா... அது ஜைனப் வளர்த்தது."

"வளத்ததா? புள்ள பெத்து வளக்கச் சொன்னோம், தேள வளத்திருக்கா!"

ரெண்டு பேர் சிரித்தார்கள். ஜைனப் பக்கத்து ஹாலிலேயே, வெள்ளைத் துணியில்.

வந்ததும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தெரியாமல் எடுத்திருக்கலாம். அவளைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

விளாங்குடியில் என் வீடு வரை பெட்டி என் மடியில். ஆட்டோக்காரர், "என்னக்கா அது, இம்புட்டு பத்திரமா?" என்றார்.

மீன் என்றேன். அப்போதும் வாய் வரவில்லை.

இப்போது ஜன்னலைச் சாத்தி, பெட்டி மேல் போர்வையைப் போட்டு, உள்ளே தலையை விட்டு, பெட்டியோடு எடுத்துவந்த அவள் லைட்டை அடித்துப் பார்த்தேன்.

முதுகில் பாதி மின்னுகிறது, ஜைனப்.

பாதி இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. நான் ஆட்ட மாட்டேன். நீ தூங்கு.